ஹார்னஸ் கம்பெனியில ஆள்குறைப்பு: பெங்களூர்ல கார் ஒர்க்‌ஷாப் வேலை எப்படித் தேடுறது?

ஜிகணி_ஹார்னஸ்

வணக்கம். ஐடிஐ மோட்டார் மெக்கானிக் முடிச்சவன், என்சிவிடி சர்டிஃபிகேட் கையில இருக்கு. ரெண்டு வருஷம் ஒரு ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர்ல ஆயில் சர்வீஸ், பிரேக் வேலை. அப்புறம் ஆறு வருஷம் ஜிகணி பக்கம் வயரிங் ஹார்னஸ் (வண்டிக்கான வயர் கட்டு) ஃபேக்டரி. மூணு வருஷம் கிரிம்பிங் மெஷின் (வயர் முனையில டெர்மினலை அழுத்திப் பிடிக்கறது), மீதி போர்டு அசெம்பிளியும் கன்டின்யுட்டி டெஸ்டிங்கும் (வயர்ல இணைப்பு சரியா இருக்கான்னு பார்க்கறது). போன மாசம் எங்க லைனையே மூடிட்டாங்க.

திரும்ப கார் ரிப்பேர் பக்கம் வரலாம்னு இருக்கேன். வீடு பொம்மனஹள்ளி. கன்னடம் நல்லா பேசுவேன், ஹிந்தி சமாளிப்பேன். கேக்க வேண்டியது: கம்பெனி சர்வீஸ் சென்டரா, மல்டிபிராண்ட் கராஜா, எலக்ட்ரிக் வண்டியா? டிரையல்ல என்ன செய்யச் சொல்வாங்க? கையில இருக்கற காசுல எந்த டூல்ஸ் முதல்ல வாங்கணும்? பழைய கம்பெனி செட்டில்மென்ட்ல எதைக் கவனிக்கணும்?

பே_நம்பர்_3

தம்பி, முதல்ல ரெஸ்யூமே தலைப்பை மாத்துங்க. "மெக்கானிக்"னு போட்டா, ஆறு வருஷம் வண்டியைத் தொடாத ஆயில் சர்வீஸ் பையன்னுதான் படிப்பாங்க. நேத்து ஐடிஐ முடிச்சவனோட ஒரே வரிசையில நிப்பீங்க. "ஆட்டோ எலக்ட்ரீஷியன்"னு போடுங்க. கிளட்ச் இறக்க ஆள் கிடைக்கும், சஸ்பென்ஷனுக்கு ஆள் கிடைக்கும். வயர் கட்டைப் பார்த்துப் பின்வாங்காத ஆளுக்குத்தான் பஞ்சம்.

ஒரே பக்கம் போதும். கடின உழைப்பாளி, குழுவாகப் பணிபுரிவேன் எல்லாம் யாரும் படிக்கறதில்ல. என்னென்ன சைஸ் வயர் கிரிம்ப் பண்ணீங்க, கிரிம்ப் உயரத்தை மைக்ரோமீட்டர்ல அளந்தது, புல் டெஸ்ட் (கிரிம்ப் தாங்குதான்னு இழுத்துப் பார்க்கறது), கன்டின்யுட்டி போர்டுல வர்ற ஓப்பன், ஷார்ட், கிராஸ் வயரிங் கண்டுபிடிச்சது, சர்க்யூட் டயக்ராம் படிக்கத் தெரியும்ங்கறது. இதை அப்படியே எழுதுங்க. ஒர்க்‌ஷாப்ல இருக்கற பாதிப் பேருக்கு கிரிம்ப் உயரம்னா என்னன்னே தெரியாது.

இப்போ டிரையல். பேல, அதாவது வண்டியை நிறுத்தி வேலை பார்க்கற இடத்துல, ஒரு வண்டி நிக்கும். அதுல என்ன கோளாறுன்னு சூப்பர்வைசருக்கு முன்னாடியே தெரியும். நீங்க எதை முதல்ல தொடறீங்கன்னுதான் பார்ப்பார். அடிக்கடி குடுக்கறது, "இடது ஹெட்லைட் மங்கலா எரியுது". பல்பைக் கழட்டினவன் அங்கயே போச்சு. செய்ய வேண்டிய வரிசை இது:

லைட்டைப் போட்டு வைங்க. வோல்டேஜ் டிராப்ங்கறது கரன்ட் ஓடும்போதுதான் தெரியும், கப்ளரை (வயர் கனெக்டர்) கழட்டிட்டு அளந்தா 12 வோல்ட் முழுசா காட்டி ஏமாத்தும். பேட்டரி ரெண்டு போஸ்ட்லயும் அளங்க, 12.5னு வைங்க. பல்பு கப்ளர் பின்பக்கத்துல ப்ரோப் நுழைச்சு பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல அளந்தா 10.9. அப்போ 1.6 வோல்ட் வழியில தொலையுது. எந்தப் பக்கம்? பேட்டரி பிளஸ்ல ஒரு ப்ரோப், கப்ளர் பிளஸ்ல ஒண்ணு: 0.3. அது பரவாயில்ல. பேட்டரி மைனஸ்ல ஒண்ணு, கப்ளர் எர்த் வயர்ல ஒண்ணு: 1.3. முடிஞ்சுது. பல்பும் நல்லா இருக்கு, ஸ்விட்சும் ரிலேவும் நல்லா இருக்கு. பேட்டரி டிரே பக்கத்துல எர்த் போல்ட்டைக் கழட்டிப் பாருங்க, பெயின்டோ துருவோ இருக்கும். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல போனா சந்தேகப்படணும்.

நாலு ரீடிங்கையும் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுங்க. "அண்ணா, எர்த்ல போகுது"ன்னு வாயால சொல்றதுக்கும் 0.3, 1.3ன்னு எழுதித் தர்றதுக்கும் வித்தியாசம் இருக்கு.

ரெண்டாவது, சார்ஜிங். நிறுத்தி வெச்ச வண்டியில பேட்டரி 12.6 இருந்தா ஃபுல், 12.2ன்னா பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ விழக்கூடாது, ஆனா பேட்டரி சார்ஜா இருக்கணும். இறங்கின பேட்டரியை வெச்சு இந்த டெஸ்ட் எடுத்து "பேட்டரி போச்சு"ன்னு சொல்றது பெரிய தப்பு. ஓடும்போது 13.8லிருந்து 14.5. ஸ்மார்ட் சார்ஜிங் இருக்கற புது வண்டியில 12.5 பக்கமும் நிக்கும், அதைப் பார்த்து ஆல்டர்னேட்டரைக் கழட்டாதீங்க. லைட், ஏசி, பின்கண்ணாடி டீஃபாகர் மூணையும் போட்டுத் திரும்பப் பாருங்க.

மூணாவது, கேன் லைன், அதாவது வண்டியில இருக்கற மாட்யூல்கள் (சின்ன கம்ப்யூட்டர்கள்) ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற ரெண்டு வயர். ஸ்கேனர் எந்த மாட்யூலோடயும் பேச மாட்டேங்குது, இல்லன்னா யு0100 மாதிரி தொடர்பு போச்சுங்கற கோடு வருது. பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு ஓபிடி சாக்கெட்ல (ஸ்கேனர் சொருகற இடம்) 6வது பின்னுக்கும் 14வது பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. 60 வந்தா லைனோட ரெண்டு முனையிலயும் இருக்கற டெர்மினேட்டர் ரெசிஸ்டர் ரெண்டும் இருக்கு. 120ன்னா ஒண்ணு விட்டுப்போச்சு. ஜீரோ பக்கம்னா ரெண்டு வயரும் ஒட்டிக்கிச்சு. சில வண்டியில கேட்வேன்னு ஒரு மாட்யூல் நடுவுல இருக்கும், அளவு வேற வரும். அதனால டயக்ராமைக் கேட்டு வாங்கிட்டுத் தொடங்குங்க. டயக்ராம் கேக்கறவனை யாரும் குறைச்சு நினைக்கறதில்ல.

கடைசியா ஜாப் கார்டு. கம்ப்ளெய்ண்ட் என்ன, காரணம் என்ன, என்ன செஞ்சோம்னு மூணு வரி. "வயரிங் செக்கப் செய்யப்பட்டது"ன்னு எழுதினா வாரன்டி க்ளெய்ம் திரும்பி வந்துடும்.

ஜேசி_ரோடு_கவுன்டர்

எங்க தேடறதுன்னு யாரும் சொல்லல. வேலை ஆப்ல பேரைப் பதிஞ்சு வைங்க, வேண்டாம்னு சொல்லல. மத்திய அரசோட என்சிஎஸ் (நேஷனல் கேரியர் சர்வீஸ்) வேலைவாய்ப்புத் தளத்துலயும் பதியலாம், காசில்ல. ஆனா மல்டிபிராண்ட் கராஜ் முதலாளி ஆள் வேணும்னா ஆப்ல போட மாட்டார், ஸ்பேர் கடையில சொல்லுவார். ஜேசி ரோடு, லால்பாக் ரோடு பக்கம் இருக்கற ஸ்பேர்ஸ் கவுன்டர்ல போய் நில்லுங்க. எந்த கராஜ் தினம் நாலு தடவை பார்ட் எடுக்குது, எது மூணு மாசமா கடன் வெச்சிருக்குங்கறது அங்க நிக்கற டெலிவரி பையனுக்குக் கூடத் தெரியும். பேட்டரி டீலர்கிட்டயும் கேளுங்க. பேட்டரியை மாத்தியும் திரும்ப இறங்குதுன்னு வர்ற வண்டியை எந்த எலக்ட்ரீஷியன்கிட்ட அனுப்பறாங்கன்னு அவருக்குத்தான் தெரியும், அந்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கை தேவையா இருக்கும்.

கராஜுக்கு நேர்ல போறதுன்னா காலையில போகாதீங்க. எட்டரையிலிருந்து பதினொண்ணு வரைக்கும் வண்டி உள்ள வரும், சாயந்திரம் அஞ்சுக்கு மேல டெலிவரி. ரெண்டுலயும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க. செவ்வாயிலிருந்து வியாழனுக்குள்ள, மத்தியானம் ரெண்டரை மூணு மணி. வாட்ச்மேன்கிட்ட "ஹெச்ஆர்"னு கேக்காதீங்க, ஒர்க்‌ஷாப் மேனேஜரைக் கேளுங்க. ஆயுத பூஜைக்கு முன்னாடி ரெண்டு வாரம் எல்லா இடத்துலயும் வேலை குவியும், அப்போ டிரையல் கேட்டா இல்லன்னு சொல்றது கம்மி.

உங்களுக்கு ஏத்த வேலை ஒண்ணு இருக்கு: எலி. சர்ஜாபூர், ஒயிட்ஃபீல்ட் பக்கம் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல ரெண்டு வாரம் நிக்கற வண்டியில எலி வயரைக் கடிச்சு வெச்சிருக்கும். நிறைய கராஜ் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி அனுப்பிடும், மழைக்காலத்துல திரும்ப வரும். ஒழுங்கா செய்யத் தெரிஞ்சவனுக்கு அடுத்த வண்டியையும் அந்த அபார்ட்மென்ட்காரங்களே அனுப்புவாங்க.

மல்டிபிராண்ட்_மேஸ்திரி

எலி வேலையைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா ஃபேக்டரிப் பழக்கத்தோட வர்றவங்க இதை அழகா செய்வாங்க.

அதே சதுர மில்லிமீட்டர் வயர், முடிஞ்சா அதே கலர். கட்டுல ஆறு வயர் போயிருந்தா ஆறு ஜாயின்ட்டையும் ஒரே இடத்துல போடாதீங்க, மூணு நாலு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிப் போடுங்க. இல்லன்னா கட்டு அந்த இடத்துல பாம்பு எலியை முழுங்கின மாதிரி வீங்கும், கிளிப் உக்காராது. ஸ்ப்ளைஸ் (ரெண்டு வயரைச் சேர்க்கற சின்னக் குழாய்) போட்டு கிரிம்ப், மேல பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு பண்ணினா சுருங்கற உறை). சால்டரிங் மட்டும் வெச்சா ஈயம் இழைக்குள்ள ஏறி வயர் கம்பி மாதிரி விறைச்சுடும், இன்ஜின் அதிர்வுல அந்த விறைப்பு முடியற இடத்துல ஒடியும். கேன் வயர் ரெண்டும் முறுக்கி இருக்கும், அந்த முறுக்கை அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல பிரிக்காதீங்க. ஏர்பேக்கோட மஞ்சள் வயரை மட்டும் ஒட்டவே கூடாது, அந்த ஹார்னஸையே மாத்தணும். கஸ்டமர் கெஞ்சினாலும். இன்சூரன்ஸ்னா சர்வேயர் பார்க்கற வரைக்கும் கடிச்ச வயரை வெட்டித் தூக்கிப் போட்டுடாதீங்க.

ஆனா பே நம்பர் 3 சொன்னதுல ஒண்ணு ஒத்துக்க மாட்டேன். எலக்ட்ரீஷியன்னு மட்டும் போட்டுக்கிட்டு கராஜுக்கு வந்தா மதியம் வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். சின்ன கராஜ்ல எலக்ட்ரிகல் கம்ப்ளெய்ண்ட் தினமும் வராது. பேட், ஆயில், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் கை ஓடணும். நீங்க வண்டியைத் தொட்டு ஆறு வருஷம் ஆச்சு, 2020 ஏப்ரல்லருந்து பிஎஸ்6 புகை விதி வேற வந்தாச்சு. டீசல் வண்டியில டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கற ஃபில்டர்) அடைப்புதான் இப்போ பெங்களூரோட வியாதி. சில்க் போர்டு டிராஃபிக்ல முதல் கியர்ல ஊர்ற வண்டிக்கு ரீஜெனரேஷன் (ஃபில்டர்ல சேர்ந்த கரியை எரிக்கறது) முடியறதில்ல. பாதியில நின்னு போற ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் ஆயில்ல இறங்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் மேக்ஸுக்கு மேல ஏறியிருந்தா "ஆயில் நல்லா இருக்கு"ன்னு விட்டுடாதீங்க, அது டீசல். ஸ்கேனர்ல ஃபோர்ஸ்டு ரீஜென் (கட்டாயமா ரீஜெனரேஷன் ஓட விடறது) குடுக்கறதுக்கு முன்னாடி ஆயிலை மாத்தணும், அதுவும் லோ சாப்ஸ், அதாவது சாம்பல் கம்மியா விடற ஆயில். சாதாரண டீசல் ஆயில் ஊத்தினா அதோட சாம்பலே ஃபில்டரை அடைக்கும், சாம்பலை எந்த ரீஜெனும் எரிக்காது. சூட் (கரி) லெவல் கம்பெனி சொன்ன அளவைத் தாண்டியிருந்தா ரீஜெனே குடுக்கக்கூடாது, சூடு தாங்காம உள்ள செராமிக் வெடிக்கும்.

இன்னொரு ஃபேக்டரிப் பழக்கம்: லைன்ல எல்லாத்துக்கும் டார்க் (எவ்வளவு இறுக்கணும்ங்கற அளவு) செட் பண்ணின கன் இருக்கும். இங்க இம்பாக்ட் கன்ல வீல் நட்டை இறுக்கிட்டு நகர்ந்துடுவாங்க. நீங்க டார்க் ரெஞ்ச் எடுத்தீங்கன்னா முதல் வாரம் கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும்.

சம்பளம் பேசும்போது ஃபிக்ஸ்டு எவ்வளவு, இன்சென்டிவ் எதுக்கு மேல எவ்வளவுன்னு தனித்தனியா கேளுங்க. ரிப்பீட் ஜாப் (அதே கோளாறோட திரும்பி வர்ற வண்டி) வந்தா யார் கணக்குல போகும், பார்ட் உடைஞ்சா யார் குடுக்கணும்? இதைச் சேர்றதுக்கு முன்னாடி கேக்கணும், சேர்ந்தப்புறம் கேட்டா சண்டை. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார்கிட்டயும் குடுத்து வைக்காதீங்க. யூனிஃபார்ம் டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ்னு முன்னாடியே பணம் கேட்டா அது வேலையே இல்ல.

ஜிகணி_ஹார்னஸ்

ரொம்ப நன்றிண்ணா. டூல்ஸும் செட்டில்மென்ட்டும் யாராவது சொன்னா நல்லா இருக்கும். எலக்ட்ரிக் பக்கம் போறது சரியா?

எஸ்பி_ரோடு

பெரிய டிராலியெல்லாம் வேண்டாம், கராஜ்லயே லிஃப்ட், ஜாக், புல்லர் இருக்கும். உங்க சொந்தக் கை டூல்ஸ்: 8லிருந்து 19 வரை காம்பினேஷன் ஸ்பேனர், கால் இஞ்ச், அரை இஞ்ச் சாக்கெட் செட், டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட் டி20லிருந்து டி50, பிரேக் பைப்புக்கு 10-11 ஃப்ளேர் நட் ஸ்பேனர். சாதா ஸ்பேனர் போட்டா பிரேக் பைப் நட் முனை மழுங்கிடும், அப்புறம் பைப்பையே மாத்தணும். பிளேயர், ஸ்க்ரூடிரைவர் டபரியா பிராண்டு போதும்.

காசைப் போட வேண்டிய இடம் மல்டிமீட்டர். 10 ஆம்பியர் டிசி ரேஞ்ச் இருக்கணும், உள்ள ஃப்யூஸ் இருக்கணும். கூடவே கப்ளர் பின்னாடி நுழையற மெல்லிசான ஊசி ப்ரோப் ஒரு செட். ஊசியால வயரைக் குத்தி அளக்காதீங்க, ஆறு மாசத்துல அந்த ஓட்டையில பச்சை பூக்கும். 21 வாட் பல்புல ஒரு டெஸ்ட் லாம்ப் நீங்களே பண்ணிக்கலாம். ஒரே ஒரு இழையில தொங்கற வயர் மீட்டர்ல 12 வோல்ட் காட்டும், 21 வாட் பல்பைப் போட்டா படுத்துடும். ஆனா அந்த லாம்பை இசியு (வண்டி கம்ப்யூட்டர்) வயர்ல வெச்சுடாதீங்க, அங்க மீட்டர் மட்டும்.

ஓபிடி டாங்கிள் (ஓபிடி சாக்கெட்ல சொருகி ஃபோன்ல பார்க்கற சின்ன ஸ்கேனர்) மலிவா கிடைக்கும், இன்ஜின் கோடு படிக்கவும் லைவ் டேட்டா பார்க்கவும் அது போதும். ஏபிஎஸ், ஏர்பேக், ஃபோர்ஸ்டு ரீஜென் எல்லாம் அதுல பெரும்பாலும் வராது. பெரிய ஸ்கேனரை இப்போ கடன்ல வாங்காதீங்க, கராஜ்ல இருக்கறதைக் கத்துக்கிட்டு அப்புறம் பார்க்கலாம். நல்ல ராச்செட் கிரிம்பிங் டூல் மட்டும் சொந்தமா வெச்சுக்கங்க. கராஜ்ல இருக்கறது பெரும்பாலும் பிளேயர்தான்.

சம்பளச்_சீட்டு

செட்டில்மென்ட். முதல் கேள்வி: ராஜினாமான்னு எழுதிக் கையெழுத்து வாங்கினாங்களா? வாங்கலன்னா இனிமேலும் போடாதீங்க. ராஜினாமான்னு ஆனா ஆள்குறைப்பு நஷ்டஈடு கேக்க முடியாது. சம்பளச் சீட்டுல முதலாளி பேர் ஃபேக்டரியா, கான்ட்ராக்டரான்னும் பாருங்க.

ஆள்குறைப்புன்னா குறைஞ்சது ஒரு மாச நோட்டீஸ் இல்லன்னா ஒரு மாசச் சம்பளம், கூட முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம். ஆறு வருஷத்துக்கு 90 நாள். கிராஜுவிட்டி இதுக்கு மேல, தனி. அஞ்சு வருஷம் தாண்டியாச்சு, அதனால உண்டு. கணக்கு: கடைசி பேசிக்கும் டிஏவும் சேர்த்து 13,000னு வெச்சுக்கிட்டா, அதை 26ல வகுத்து 15ல பெருக்கினா 7,500, ஆறு வருஷத்துக்கு 45,000. 30 நாளுக்குள்ள குடுக்கணும். நின்னு போன சம்பளப் பாக்கிக்குக் கெடு ரெண்டு வேலை நாள்தான். இழுத்தடிச்சா பன்னேர்கட்டா ரோடு கார்மிக பவன்ல எழுத்துல குடுங்க. சம்பளச் சீட்டு, ஐடி கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் நகல் இணைக்கணும்.

பிஎஃப்: கம்பெனி விலகின தேதியை ஏத்தலன்னா, கடைசி சந்தா போய் ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் நம்பர்) தளத்துல ஏத்தலாம். பணத்தை எடுக்க அவசரப்படாதீங்க. மொத்த சர்வீஸ் 10 வருஷம் ஆனாதான் பென்ஷன், முந்தின சர்வீஸ் சென்டர் கணக்கும் இருந்தா ரெண்டையும் ஒண்ணா சேர்த்துடுங்க. 20 பேருக்குக் கீழ இருக்கற கராஜ்ல பிஎஃப் கட்டாயமில்ல, அப்படி இடத்துல சேர்ந்தா அந்தக் கணக்கு அப்படியே நிக்கட்டும். ஈஎஸ்ஐ கார்டையும் தூக்கிப் போடாதீங்க. ஏப்ரல்-செப்டம்பர்ல 78 நாள் சந்தா போயிருந்தா அடுத்த ஜனவரி-ஜூன் வரைக்கும் வைத்தியம் உண்டு, அக்டோபர்-மார்ச் சந்தாவுக்கு ஜூலை-டிசம்பர்.

பே_நம்பர்_3

எலக்ட்ரிக் பத்தி: ஸ்கூட்டர்னா ஓசூர்ல ஏத்தர் ஆலை, போச்சம்பள்ளியில ஓலா ஆலை. ஆனா அங்க போனா திரும்பவும் லைன் வேலை, ரிப்பேர் இல்ல. ரிப்பேர்னா இங்க சர்வீஸ் சென்டர்ல பாருங்க. ஸ்கூட்டர் பேட்டரி பெரும்பாலும் 60 வோல்ட்டுக்குக் கீழ, கம்ப்ளெய்ண்ட்ல நிறைய கனெக்டர்ல தண்ணி, வயர் உரசல்னு உங்க ஏரியாதான். கார்ல ஆரஞ்சு கேபிள்னா (ஹை வோல்டேஜ் ஓடறது) டிரெய்னிங் இல்லாம தொடக்கூடாது. டிரையல்ல கேட்டா இதைச் சொல்லுங்க: கிளாஸ் 0 (மின்சாரம் தடுக்கற) ரப்பர் கிளவுஸ், போடறதுக்கு முன்னாடி காத்து அடைச்சுச் சுருட்டி ஓட்டை பார்க்கணும். சர்வீஸ் பிளக்கை (பெரிய பேட்டரி இணைப்பைத் துண்டிக்கறது) கழட்டி மேனுவல்ல சொன்ன நிமிஷம் காத்திருக்கணும். 1000 வோல்ட் கேட்டகரி 3 மீட்டரைத் தெரிஞ்ச பேட்டரியில சரிபார்த்து, அப்புறம் ஜீரோவான்னு அளந்து, திரும்பத் தெரிஞ்ச பேட்டரியில சரிபார்க்கணும். அந்தக் கடைசிப் படியை விட்டா, நடுவுல செத்துப்போன மீட்டரும் ஜீரோதான் காட்டும்.

ஜிகணி_ஹார்னஸ்

ராஜினாமா எழுதித் தரல, கேட்டாங்க. நாளைக்கே கார்மிக பவன் போறேன். வெள்ளிக்கிழமை ஹெச்எஸ்ஆர் பக்கம் ஒரு கராஜ்ல டிரையல். ஒரு வண்டியில ரெண்டு நாள்ல பேட்டரி இறங்குது, அதைப் பார்க்கச் சொல்லியிருக்காங்க. ஃப்யூஸை ஒவ்வொண்ணா புடுங்கிப் பார்க்கலாமா?

மல்டிபிராண்ட்_மேஸ்திரி

புடுங்காதீங்க. ஃப்யூஸைத் திரும்பச் சொருகினதும் தூங்கின மாட்யூல் முழிச்சுக்கும், கோளாறு மறைஞ்சுடும்.

முதல்ல வெளியில போட்ட சாமானைப் பாருங்க: ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டாஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர். ஸ்டீரியோவோட மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணா முறுக்கி வெச்சிருந்தா அங்கயே பாதி வேலை முடிஞ்சுது. இல்லன்னா அளக்கணும். பானெட்டைத் திறந்து லாட்சை ஸ்க்ரூடிரைவரால பூட்டின நிலைக்குத் தள்ளுங்க, டிரைவர் கதவு லாட்சும் அதே மாதிரி, வண்டி மூடியிருக்குன்னு நினைச்சுக்கும். கீலெஸ் சாவின்னா அதை எடுத்துட்டுப் போய் ஆஃபீஸ்ல வைங்க. மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்ல மாத்தி, ஒரு ப்ரோப் மைனஸ் போஸ்ட்ல, ஒண்ணு கேபிள் கிளாம்ப்ல வெச்சுப் பிடிச்சுக்கிட்டே கிளாம்பைத் தூக்குங்க. கரன்ட் அறுபடாது, எதுவும் முழிக்காது. அரை மணி நேரம் காத்திருக்கணும். அதுவரைக்கும் யாரையும் கதவைத் திறக்கவோ செல்ஃப் அடிக்கவோ விடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும். 50 மில்லிஆம்பியருக்குக் கீழ நின்னா வண்டியில கோளாறு இல்ல, பேட்டரியைச் சந்தேகப்படுங்க. மேல நின்னா ஒவ்வொரு ஃப்யூஸ் தலையிலயும் தெரியற ரெண்டு புள்ளிக்கு நடுவுல மில்லிவோல்ட் அளங்க. ஜீரோ இல்லாத ஃப்யூஸ்லதான் கரன்ட் ஓடுது. அந்த லைன்ல என்னென்ன இருக்குன்னு டயக்ராம்ல பாருங்க.

முடிச்சதும் பானெட் லாட்சை விடுவிச்சுட்டு மூடுங்க. பூட்டின லாட்ச் மேல பானெட்டை அடிச்சா லாட்ச் போகும், அது உங்க கணக்குல ஏறும்.